அப்பத்தாவின் வெள்ளமும் 1101 கும்பமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் பூர்வீகம் தேனி மாவட்டத்துத் தேவாரம். கொள்ளுத்தாத்தா மலையேறி, இடுக்கியில் உடும்பன்சோலைப் பக்கம் காட்டை அழித்து 12 ஏக்கர் ஏலத்தோட்டம் உண்டாக்கினார் என்பது வீட்டில் சொல்லும் கதை. "தொண்ணூத்தொம்பது வெள்ளத்துக்கு ரெண்டு வருசம் முந்தி ஏறினாரு" என்பார் அப்பத்தா. தகரப்பெட்டியில் மூன்று தாள்கள் உள்ளன: 1101 கும்பம் (நம் மாசி) என்று தேதியிட்ட மலையாள ஆதாரம் (நிலப் பத்திரம்), 'ரக்தாட்சி ஐப்பசி' போட்ட புரோநோட்டு, காய் எடை குறித்த நோட்டுப்புத்தகம். குடும்ப வரலாறு எழுத வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

க., நெடுங்கண்டம்

அன்புள்ள க.,

தேதிகளில் தொடங்குங்கள். கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டு ஆவணியில், அங்கே சிங்ஙம், பிறக்கிறது. ஆங்கில வருடம் கிடைக்க, அன்றிலிருந்து டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும். ஜனவரியிலிருந்து, அதாவது தனு (மார்கழி) பாதியிலிருந்து கர்க்கடகம் (ஆடி) முடிய 825. இந்த இடத்தில்தான் பலரும் ஒரு வருடம் பிசகுகிறார்கள். 1101 கும்பம் என்றால் 1926 பிப்ரவரி–மார்ச். அப்பத்தா சொல்லும் வெள்ளம் 1099 கர்க்கடகத்தில், 1924 ஜூலையில் வந்தது. மூணாறு ரயில்பாதையை அடித்துக்கொண்டு போனதும் அதுவே. ஆக, ஏறியது 1922 வாக்கில். ரக்தாட்சி 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் தமிழ் வருடப் பெயர்: 1864, 1924, 1984. நோட்டில் ஒட்டிய ஸ்டாம்பில் ஐந்தாம் ஜார்ஜின் தலை இருந்தால் 1924 உறுதி.

இப்போது எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். 1922-ல் ஏறுகிறார், 1924 ஆடியில் வெள்ளம், மூன்றே மாதத்தில் புரோநோட்டு, 1926-ல் ஆதாரம். ஏலம் நட்ட மூன்றாம் வருடம்தான் காய்க்கத் தொடங்கும். அதுவரை கூலியும் அரிசியும் கைக்காசிலோ கடனிலோதான் ஓட வேண்டும். முதல் அத்தியாயத்தை அந்த நோட்டிலிருந்து எழுதுங்கள் என்பேன்.

ஆனால் அவசரப்பட்டு அதைக் 'கடன் வாங்கிய நோட்டு' என்று எழுதிவிடாதீர்கள். கையெழுத்து யாருடையது என்று முதலில் பாருங்கள். புரோநோட்டு, பணம் கொடுத்தவர் கையில்தான் இருக்கும். கையெழுத்து கொள்ளுத்தாத்தாவுடையது, நோட்டும் உங்கள் வீட்டில் என்றால், பெரும்பாலும் பணம் அடைந்து நோட்டு திரும்பி வந்திருக்கிறது. கையெழுத்து வேறொருவருடையது என்றால் கடன் கொடுத்தவர் உங்கள் ஆள், கதையே மாறிவிடும். பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். வரவு வைத்ததெல்லாம் அங்கேதான் எழுதுவார்கள், ஏனென்றால் மூன்று வருடத்தில் நோட்டு காலாவதியாகும். இடையில் ஒரு வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால் கெடு புதிதாகத் தொடங்கும். அந்த வரவுத் தேதிகள் ஏலக்காய் பறிப்பு நடக்கும் ஆவணி–மாசிக்குள் விழுந்தால், தோட்டம் காய்க்கத் தொடங்கியதற்கு நல்ல தடயம்.

அடுத்தது ஆதாரம். மலையாளம் நன்றாகத் தெரிந்த பழைய ஆதார எழுத்தர் ஒருவரிடம் முழுதும் வாசிக்கச் சொல்லுங்கள். அது தீறாதாரமா என்பதுதான் முக்கியமான கேள்வி. தீறு என்றால் கிரயம். விற்றவர் ஒருவர் இருந்தார் என்றால், அந்த நிலம் முன்பே ஒருவர் கையில் இருந்திருக்கிறது. முன்னாதாரம் பற்றிய வரியில் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று இருக்கும். விலை அன்றைய திருவிதாங்கூர் நாணயமான சக்கரத்தில் இருந்தால், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½. கடன் ஒரு ரூபாயிலும் நிலம் மற்ற ரூபாயிலும் இருந்தால் கணக்கைக் கலந்துவிடாதீர்கள். எழுத்து அழிந்திருந்தால் பத்திரப்பதிவு ஆபீஸ் பெயர், ஆதார நம்பர், வருடம் மூன்றையும் கொடுத்து நகல் வாங்கலாம். இன்றைய ஆபீஸில் இல்லை என்றால், அது பிரிந்து வந்த தாய் ஆபீஸில் கேளுங்கள். நிலத்தை அடையாளம் காணப் பழைய சர்வே நம்பர் மட்டும் போதாது. ரீசர்வே நம்பரும் தண்டப்பேரும் (நிலவரி கட்டுபவரின் கணக்கு எண்) வில்லேஜ் ஆபீஸில் பார்க்க வேண்டும். ஒரே பெரிய சர்வே நம்பருக்குள் பல தோட்டங்கள் அடங்கியிருந்தால், ஆதாரத்தில் சொல்லும் நான்கு எல்லைதான் கைகொடுக்கும். ஓடை, பாறை, மெட்டுப்பாதை (மலைக் கணவாய் வழி) என்று எழுதியிருப்பதை ஒரு தாளில் பெயர்த்தெழுதி நேரில் நடந்து பாருங்கள்.

'காட்டை அழித்து' என்ற சொல்லை நான் எடுத்துவிடுவேன். ஏலத்துக்கு நிழல் வேண்டும். கீழ்க்காட்டை வெட்டி, பெருமரங்களை நிறுத்தி, கிளை கழித்துத்தான் நடுவார்கள். அது ஆளில்லாத காடும் அல்ல. மன்னான், முதுவான் பழங்குடிகள் அந்த மலைகளில் வாழ்ந்தவர்கள். ஏலக்காய் திருவிதாங்கூர் அரசின் ஏகபோகமாக இருந்த காலத்திலேயே அங்கே ஏலம் பறிக்கப்பட்டது. ஆதாரத்தின் எல்லையில் ஒரு குடியின் (பழங்குடிக் குடியிருப்பின்) பெயர் வந்தால் அதை விட்டுவிட்டு எழுதாதீர்கள். முன்னோடி என்ற பட்டம் கொஞ்சம் சிறுக்கும். சிறுக்கட்டும், அதனால் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் உழைப்பு குறையாது.

எனக்கு மிக ஆசையாக இருப்பது அந்த எடை நோட்டு. பச்சை, உலர்ந்தது என்று இரண்டு வரிசை இருந்தால் வகுத்துப் பாருங்கள். கருங்காய்ப் பருவத்தில், அதாவது முற்றிப் பழுக்குமுன், பறித்து ஸ்டோரில் (உலர்த்தும் கூடத்தில்) சரியாக உலர்த்தினால் 100 ராத்தல் (பவுண்டு) பச்சைக்கு 20 முதல் 25 ராத்தல் காய் நிற்கும். 15-க்குப் பக்கம் இறங்கிய வாரங்களைத் தனியே குறியுங்கள்: இளங்காய் பறித்திருக்கிறார்கள். களவுக்குப் பயந்தா, கடன்காரன் நெருக்கியா, ஆட்கள் பண்டிகைக்குக் கீழே இறங்கும் அவசரமா என்று அந்த வாரத்தின் மற்றக் குறிப்புகள் காட்டலாம். மணங்கு என்ற பழைய எடையில் எழுதியிருந்தால், சென்னை மணங்கு 25 ராத்தல், ஏறக்குறைய 11.3 கிலோ.

தாள்களை லாமினேட் செய்யாதீர்கள். சூடும் பசையும் சேர்ந்து பழந்தாளைக் கெடுத்துவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது. மடிப்பை அழுத்தி நிமிர்த்தாமல், பகல் வெளிச்சத்தில் இரு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

எடைக்குப் பக்கத்தில் கூலியாட்களின் பெயர்கள் இருந்தால், அப்பத்தாவின் அருகில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசியுங்கள். யார் யாருடைய மகள், எந்த மெட்டு வழியாக ஏறினார்கள், மலைக்காய்ச்சலில் போனது யார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே பதிவு செய்யுங்கள். ஆதாரத்தின் நகல் அடுத்த மாதம் வாங்கினாலும் கிடைக்கும். இதை இந்த வாரமே செய்யுங்கள்.