கணினியைப் போட்டதும் 'சிமாஸ் செக்சம் எரர்' என்று வந்து எஃப்1 அழுத்தச் சொல்கிறது, என்ன செய்வது?

விண்டோஸை மறுபடி போட வேண்டாம், முதலில் தேதியைப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி மாட்டும்போதெல்லாம் அது பல வருடம் பின்னால் போகிறது என்றால் மதர்போர்டில் (கணினிக்குள் இருக்கும் முதன்மைப் பலகை) இருக்கும் வட்ட பேட்டரி பெரும்பாலும் தீர்ந்திருக்கும். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தையும், சிமாஸ் என்ற சிறு நினைவகத்தில் இருக்கும் பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் நிரல்) அமைப்புகளையும் காப்பாற்றி வைப்பது அதுதான். கடையில் சிஆர்2032 என்று கேளுங்கள், 3 வோல்ட், 20 மில்லிமீட்டர் அகலம். பிளக்கைக் கழற்றிவிட்டு, பேட்டரி ஓரத்திலுள்ள சின்னக் கொக்கியை நகத்தால் தள்ளினால் பழையது துள்ளிக்கொண்டு வரும், புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி அழுத்துங்கள். அப்புறம் பயாஸுக்குள் போய் தேதியைத் திருத்திச் சேமியுங்கள். தயவுசெய்து அங்கேயே சாட்டா மோடையும் (ஹார்டு டிஸ்க் எந்த முறையில் இணைந்து இயங்குகிறது என்ற அமைப்பு) பாருங்கள், பேட்டரி தீர்ந்ததில் அதுவும் மாறியிருக்கலாம், முன்பு ரெய்டு என்ற முறையில் இருந்தது ஏஎச்சிஐ என்ற முறைக்கு மாறியிருந்தால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும், பாவம், நல்ல ஹார்டு டிஸ்க்கைக் குறை சொல்வார்கள்.