வாசகர் கேள்வி – பதில்: வீட்டுக் கணினிக்கு எந்தப் பலகை?

கேள்வி: 1980களின் இறுதியில் பள்ளியில் பிபிசி மைக்ரோ கணினியில் பேசிக் மொழி கற்றவன் நான். மின்சாரம் கொடுத்தவுடன் கட்டளைக்காகக் காத்து நிற்கும் அத்தகைய எளிய கணினி ஒன்றை என் மகளுடன் சேர்ந்து உருவாக்க விரும்புகிறேன். பழைய விஜிஏ மானிட்டர், யூஎஸ்பி கீபோர்டு, ஓர் ஆர்டுயினோ ஊனோ (சிறிய மின்னணுப் பலகை) ஆகியவை கைவசம் உள்ளன. ஊனோவே போதுமா? கடையிலோ லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்கும் ராஸ்பெரி பை பலகை வாங்கச் சொல்கிறார்கள்.

– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: ஊனோ போதாது. தாங்கள் படித்த பிபிசி மைக்ரோவின் வேகம் 2 மெகாஹெர்ட்ஸ். ஊனோவின் வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். ஆனால் பிபிசி மைக்ரோவில் 32 கிலோபைட் ரேம் (தற்காலிக நினைவகம்) இருந்தது, ஊனோவில் இருப்பதோ வெறும் 2 கிலோபைட். விஜிஏ திரையில் 640க்கு 480 புள்ளிகளைக் கறுப்பு வெள்ளையில் காட்டுவதற்கே 38,400 பைட் தேவைப்படும் என்பதால், பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது வேகத்தைப் பார்க்காமல், திரைக்கு ஒதுக்கியது போக நிரலுக்கு எவ்வளவு ரேம் மிஞ்சும் என்று கணக்கிடுவதே முறை.

இந்தக் கணக்கில் என் தேர்வு, 2024இல் 5 டாலர் விலையில் அறிமுகமான ராஸ்பெரி பை பிக்கோ 2. கடைக்காரர் சொல்லும் பலகைக்கும் இதற்கும் பெயரளவில்தான் உறவு. பிக்கோ ஒரு மைக்ரோகன்ட்ரோலர் (செயலியும் ரேமும் ஒரே சிப்பில் அடங்கியது) பலகை, அதில் லினக்ஸ் இயங்காது. 520 கிலோபைட் ரேம் இருப்பதால் திரைக்குக் கொடுத்த பிறகும் தாராளமாக மிஞ்சும். ஆஸ்திரேலியரான ஜெஃப் கிரஹாம் தொடங்கிய எம்எம்பேசிக் மொழியின் பிக்கோமைட் பதிப்பை இதில் ஏற்றினால், நிரல் எழுதும் எடிட்டர் உட்பட எல்லாம் பலகைக்குள்ளேயே அடங்கிவிடும். இஎஸ்பி32 என்ற மற்றொரு மைக்ரோகன்ட்ரோலர் பலகையும் விஜிஏ காட்டும் என்றாலும், அதன் மூலச் சிப்பில் யூஎஸ்பி கீபோர்டை நேரடியாக இணைக்க வழியில்லை. பழைய பிஎஸ்2 கீபோர்டைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

லினக்ஸ் பலகை திறன் மிக்கதுதான், ஆனால் தாங்கள் கேட்பது அதுவல்ல. அது எழுந்து வரவே நேரம் பிடிக்கும். எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் நின்றால் மெமரி கார்டில் உள்ள இயங்குதளமே பழுதாகலாம். பிக்கோவில், மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் சேமித்த நிரல் அப்படியே இருக்கும்.

இணைக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பலகையிலுள்ள ஒரே யூஎஸ்பி துளை கீபோர்டுக்குப் போய்விடுவதால், 5 வோல்ட் மின்சாரத்தைப் பலகையின் ஓர் இணைப்பு முனை (பின்) வழியாகத் தனியே கொடுக்க வேண்டும். மானிட்டரின் வண்ணக் கம்பிகள் 0.7 வோல்ட்டை எதிர்பார்ப்பவை. பிக்கோ தருவது 3.3 வோல்ட். ஒரு வண்ணத்துக்கு ஒரு பின் என்று இணைப்பதானால், ஒவ்வொன்றிலும் 270 ஓம் ரெசிஸ்டரை இட்டால் மானிட்டரின் 75 ஓமுடன் சேர்ந்து அளவு சரியாகிவிடும்.

கம்பிகளைச் செருகி மட்டுமே சோதிக்கும் பிரெட்போர்டிலேயே விட்டுவிடாதீர்கள். புதுச்சேரியில் கடலோரம் இருக்கும் என் மேசையில் ஒருநாள் திரை முழுவதும் சிவப்பு மட்டும் வந்து வந்து மறைந்தது. நிரலில்தான் தவறு என்று ஒரு மாலைப் பொழுதை வீணாக்கிய பிறகு கம்பியைப் பிடுங்கிப் பார்த்தேன். அதன் முனையில் பச்சை பூத்திருந்தது. முதுநகரின் உப்புக் காற்றும் அதைத்தான் செய்யும். சோதித்து முடித்தவுடன் சால்டர் செய்துவிடுங்கள்.

கேள்வி: இத்தகைய கணினியில் தமிழைத் திரையில் காட்ட முடியுமா?

– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: முடியும், ஆனால் யூனிகோடு (உலகப் பொது எழுத்துக் குறியீடு) முறையை அப்படியே கையாள்வது சிறிய பலகைக்கு வீண்சுமை. ‘கெ’ என்ற எழுத்தில் ககரம் முதலிலும் கொம்பு பின்னாலும் சேமிக்கப்படும். திரையிலோ கொம்பு முன்னால் வர வேண்டும். ‘கொ’ என்றால் இரு பக்கமும் பிரிந்து நிற்கும். இந்த இடமாற்றத்துக்கெல்லாம் தனி நிரல் வேண்டும். அதைவிட, 2010இல் தமிழக அரசு யூனிகோடுடன் சேர்த்து ஏற்ற டேஸ்-16 குறியீட்டைப் போல, ஒவ்வோர் உயிர்மெய்க்கும் ஓர் எண்ணும் ஒரு படமும் வைத்துக்கொள்ளுங்கள். உயரம் 16 புள்ளிகள் போதும். அகலத்தைத்தான் 16ஆகக் குறைக்க முடியாது. ‘ணௌ’ அதில் அடங்காது. எல்லாவற்றையும் 32 புள்ளி அகலத்தில் வரைந்தாலும் 247 எழுத்துகளுக்கும் சேர்த்து 15,808 பைட்தான் ஆகும். பிக்கோ 2இன் ஃபிளாஷோ 4 மெகாபைட்.