'அச்சீவ்மென்ட்ஸ்' கட்டத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். பி.காம். முடித்துவிட்டு, மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறேன். ராத்திரி கல்லாக் கணக்கு முடிப்பதும் நான்தான். இப்போது ஒரு கம்பெனிக்கு விண்ணப்பிக்கிறேன். படிவத்தில் 'அச்சீவ்மென்ட்ஸ்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. நான் மெடலோ கோப்பையோ வாங்கியதில்லை. 'நில்', அதாவது 'எதுவும் இல்லை' என்று போட்டுவிடட்டுமா? இல்லை, 'ஐ அச்சீவ்டு 78 பர்சென்ட்' என்று மார்க்கை எழுதலாமா அண்ணா?

பதில்: 'நில்' மட்டும் போட்டுவிடாதீர்கள் தங்கச்சி. நம் ஊர்ப் பக்கம் நன்றாக வேலை தெரிந்த பிள்ளைகள்கூட இந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். கேட்டால், "நான் என்ன பெருசா சாதிச்சுட்டேன்?" என்கிறார்கள். சாதனை என்றாலே மேடை, மாலை, பேப்பரில் போட்டோ என்று நமக்கு மனதில் பதிந்துவிட்டது. இங்கிலீஷில் அச்சீவ்மென்ட் என்பதற்கு அவ்வளவு தடபுடல் தேவையில்லை. முயற்சி எடுத்து, திறமையைப் போட்டு, ஒரு காரியத்தை நல்லபடியாக முடித்திருந்தால் போதும். பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல் அது. அங்கேயும் அதற்கு 'முடித்தல்' என்றுதான் பொருள்.

பி.எட். படிப்பவர்கள் 'அடைவுத் தேர்வு' என்று படிக்கிறார்களே, அது அச்சீவ்மென்ட் டெஸ்ட்தான். 2021-இல் நாடு முழுக்க 3, 5, 8, 10-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடந்த தேசிய அடைவுத் தேர்வின் பெயரிலும் இதே சொல் உண்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் தேறுவதே அச்சீவ்மென்ட் என்றால், நீங்கள் ஏன் தயங்க வேண்டும்?

விருது வேறு, அச்சீவ்மென்ட் வேறு. மதுரை பக்கத்துக் கிராமத்துச் சின்னப்பிள்ளை அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். வாஜ்பாய் பிரதமராக இருந்தபோது ஸ்திரீ சக்தி விருதைக் கொடுத்துவிட்டு இந்த அம்மாவின் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீயும் வந்தது. இரண்டும் அவார்ட். தானும் கூலி வேலை பார்த்துக்கொண்டே, கூலிக்குப் போகும் பெண்களைக் களஞ்சியம் என்ற சேமிப்புக் குழுக்களில் சேர்த்து, சிறுகச் சிறுகச் சேமிக்க வைத்தாரே, அது அச்சீவ்மென்ட். விருது எதுவும் வராமல் போயிருந்தாலும் அது அச்சீவ்மென்ட்தான். நான் பாடம் எடுக்கும்போதெல்லாம் இந்த அம்மாவைத்தான் சொல்கிறேன். இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு இடத்திலும் நிறையப் பேர் வழுக்கிவிடுகிறார்கள். தினமும் பார்க்கிற வேலையை அப்படியே இந்தக் கட்டத்தில் எழுதிவிடுவார்கள். 'பில் போடுவேன், கல்லாக் கணக்குப் பார்ப்பேன்' என்பது டியூட்டி. அதற்கு அனுபவம் என்ற பகுதி இருக்கிறது. உங்கள் கை பட்டதால் கடையில் என்ன மாறியது என்பதுதான் இங்கே வேண்டும்.

நீங்கள் சேர்வதற்கு முன்னால் ராத்திரி எத்தனை மணிக்குக் கணக்கு டேலி ஆனது, இப்போது எத்தனை மணிக்கு ஆகிறது? ரொக்கம், கார்டு, ஜிபே எல்லாவற்றையும் ஒரே சிட்டையில் கலந்து எழுதிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகும் நூறு ரூபாய் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருக்கிற கடைகள் உண்டு. மூன்றையும் தனித்தனியாக எழுதும் வழக்கத்தை நீங்கள் கொண்டுவந்து, ஒரு மணி நேர வேலை கால் மணி நேரமாகக் குறைந்திருந்தால், இப்படி எழுதுங்கள்: 'ரெட்யூஸ்டு டெய்லி கேஷ் டேலி டைம் ஃப்ரம் ஒன் அவர் டு ஃபிஃப்டீன் மினிட்ஸ்.' முன்னால் 'ஐ' வேண்டாம். செய்த வினையை இறந்தகாலத்தில் முதலில் வைத்து, பின்னால் எண்ணைக் கொடுங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் சொல்லிக்கொடுத்தது, தீபாவளிக் கூட்டத்திலும் கல்லாவில் துண்டு விழாமல் பார்த்துக்கொண்டது, இவையும் எழுதத் தக்கவைதான். ஆனால் நடந்ததை மட்டும் எழுதுங்கள். நேர்காணலில் அடுத்த கேள்வி 'எப்படிச் செய்தீர்கள்?' என்றுதான் வரும். செய்யாத வேலைக்கு அங்கே பதில் வராது.

சரி, மார்க் விஷயம். 'அச்சீவ்டு 78 பர்சென்ட்' என்பது இலக்கணப்படி தப்பில்லை. ஆனாலும் 'ஸ்கோர்டு' என்பதே இயல்பு. பரிசுக்கு 'வொன்', டிகிரிக்கு 'கம்ப்ளீட்டட்'. டார்கெட், கோல், ரிசல்ட் போன்றவற்றோடு 'அச்சீவ்டு' நன்றாகப் பொருந்தும். 'ஐ டிட் அன் அச்சீவ்மென்ட்' என்று மட்டும் எழுதவே கூடாது. 'ஐ வாண்ட் டு அச்சீவ் இன் லைஃப்' என்றும் நிறுத்தாதீர்கள். எதை என்று கேள்வி தொங்கும். மௌனம் சாதிக்கிறான், சொன்னதையே சாதிக்கிறான் என்றெல்லாம் நாம் பேசுகிறோமே, அந்த இடங்களுக்கு 'அச்சீவ்' ஆகாது.

ஸ்பெல்லிங்கில் 'ஹெச்'சுக்கு அடுத்து 'ஐ', அப்புறம்தான் 'ஈ'. 'மென்ட்' சேர்க்கும்போது 'வி'க்குப் பின்னால் இருக்கும் 'ஈ'யை விட்டுவிடாதீர்கள். உச்சரிக்கும்போது அழுத்தம் 'சீ'யில்.

கட்டத்துக்கு இரண்டு மூன்று வரி போதும். கல்லாக் கணக்கு முதல் வரியாக இருக்கட்டும். 78 சதவீதத்தைக் கல்வித் தகுதிப் பகுதியில் போட்டுவிடுங்கள்.