பழைய பீடர்மையர் மரச்சாமான்கள்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: சார், எம்பயர் பாணிக்கும் பீடர்மையருக்கும் பார்த்தவுடன் வித்தியாசம் சொல்ல முடியுமா?

முடியும். எம்பயர் நெப்போலியன் காலத்து அரண்மனைப் பாணி. இருண்ட மஹோகனியும் அதன் மேல் பொன்முலாம் பூசிய வெண்கல வேலையும் முதலில் கண்ணில் படும். ஏறக்குறைய 1815 முதல் 1848 வரை வியன்னா, பெர்லின், மியூனிக் நகரங்களில் செய்த பீடர்மையரில் அந்த உலோகம் பெரும்பாலும் இருக்காது. செர்ரி, வால்நட், பர்ச், ஆஷ் என்று அதிகமும் உள்ளூர் மரங்கள். மரத்தின் ரேகைதான் அலங்காரம். அங்கங்கே கருமை ஏற்றிய தூண் ஒன்று நிற்கும், அவ்வளவுதான்.

கேள்வி: நெப்போலியன் போர்களுக்குப் பிறகு பணமில்லாததால்தான் இந்த எளிமை என்று படித்தேன். சரியா?

பாதி சரி. 1811-இல் ஆஸ்திரிய அரசு திவாலானது உண்மை. ஆனால் அரசகுடும்பத்தாரும் தங்கள் சொந்த அறைகளுக்கு இதே எளிய சாமான்களைத்தான் வாங்கினார்கள். அவர்களுக்கு வெண்கலம் வாங்கவா காசில்லை? 2006-இல் அமெரிக்காவின் மில்வாக்கி கலை அருங்காட்சியகத்தில் தொடங்கிய பெரிய பீடர்மையர் கண்காட்சி, இந்த எளிமை விரும்பித் தேர்ந்த ரசனை என்றே வாதிட்டது. எனக்கும் அதே எண்ணம்தான். வியன்னாவின் டான்ஹவுசர் மரச்சாமான் தொழிற்சாலை வரைபடங்கள் அங்குள்ள மாக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நாற்காலி முதுகுக்கு மட்டும் எத்தனை வடிவம் யோசித்திருக்கிறார்கள் என்று பாருங்கள்! வறுமையில் ஒதுங்கியவர்கள் வேலையாக அது தெரியவில்லை.

கேள்வி: அண்ணா, உள்ளே பைன் மரம், மேலே வெனீர், அதாவது மெல்லிய மரத்தாள் என்கிறார்கள். அப்படியென்றால் மட்டமான சரக்குதானே?

இல்லை தம்பி. இன்றைய பிளைவுட் கடையை வைத்து அதை அளக்காதீர்கள். அகலமான முழுப் பலகை குளிரிலும் ஈரத்திலும் விரிந்து சுருங்கி வெடித்துவிடும். அதனால் நன்றாகக் காய்ந்த பைன் அல்லது ஸ்ப்ரூஸில் உடலைச் செய்து, வச்சிரம் என்ற விலங்குப் பசையைக் காய்ச்சி வெனீரை ஒட்டினார்கள். ரம்பத்தால் அறுத்த அந்த வெனீர் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மேல் தடிமன் இருக்கும்.

தச்சனின் கண் தெரிவது அடுத்த கட்டத்தில்தான். ஒரே கட்டையில் அடுத்தடுத்து அறுத்த இரண்டு தாள்களைப் புத்தகம் போல விரித்து ஒட்டுவார்கள். நடுக்கோட்டின் இரு பக்கமும் ரேகை ஒன்றுக்கொன்று பிம்பமாக அமையும். நல்ல எழுதுமேசை அலமாரியில் அந்த ரேகை கீழ் இழுப்பறையில் கிளம்பி, மடக்குப் பலகை வழியாக உச்சி வரை அறுபடாமல் ஓடும். ஒரு தாள் பிசகினாலும் முகப்பே கெட்டுவிடும். செதுக்கு வேலை வைத்து மறைக்க வழியில்லை.

கேள்வி: அசல் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முகப்பை விட்டுவிட்டு இழுப்பறையை வெளியே எடுங்கள். மூலையில் இரண்டு பலகைகளைக் கோக்கும் புறாவால் வடிவப் பொருத்துகள் சற்று ஏறுமாறாக இருந்தால் கைவேலை. அடிப்பலகையைத் தடவினால் இழைப்புளியின் மெல்லிய அலைகள் விரலுக்குத் தெரியும். எல்லாம் ஒரே அளவு, வெனீர் தாள்போல் மெல்லிசு என்றால் பெரும்பாலும் பிறகு செய்தது. 1900-ஐ ஒட்டி இந்தப் பாணி மீண்டும் பிரபலமாகி நிறைய நகல்கள் வந்தன. அவையும் நல்ல சாமான்களே, ஆனால் அசலின் விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: மேல்பூச்சு மங்கிவிட்டது. சுரண்டிவிட்டு பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் அடிக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். அந்தப் பழைய மேல்பூச்சு, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பொதியால் நூற்றுக்கணக்கான முறை தேய்த்து ஏற்றிய பளபளப்பு. அரக்கு நம் நாட்டுப் பூச்சி தரும் பொருள், இங்கிருந்துதான் பெருமளவில் ஐரோப்பாவுக்குப் போனது. பழைய அரக்கு ஸ்பிரிட்டில் இளகும், அதன் மேலேயே புதுப்பூச்சைச் சேர்க்கலாம். மணல்தாள் வைத்தால் வெனீரே தேய்ந்து பைன் வெளியே வந்துவிடும், பிறகு மீட்க முடியாது. வெனீர் எங்காவது எழும்பியிருந்தால் பயப்பட வேண்டாம். வச்சிரம் மிதமான சூட்டிலும் ஈரத்திலும் இளகும், தெரிந்த ஆள் அதே இடத்தில் அழுத்தி ஒட்டிவிடுவார்.

கேள்வி: வளைத்த மர நாற்காலி செய்த தோனெட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. மைக்கேல் தோனெட் 1830-களில் ரைன் நதிக்கரையில் உள்ள போப்பார்டில் மரத்தாள்களை ஒட்டி வளைத்துச் செய்த நாற்காலிகள் பீடர்மையர் வடிவங்களே. 1842-இல் வியன்னாவுக்குப் போனார். புகழ்பெற்ற 14-ஆம் எண் நாற்காலி வந்தது 1859-இல்.