ஓம்புயிர்கள் (கிருமி தங்கிப் பெருகும் உயிர்கள்) வேறுபட்டால் நோயின் வீரியம் எப்படி மாறும்? – கேள்வி பதில்

கே: நாளாக ஆக எந்தக் கிருமியும் சாதுவாகிவிடும் என்கிறார்களே?

அப்படி ஒரு விதி இல்லை. ஆஸ்திரேலியாவில் முயல்களை ஒழிக்க 1950இல் மிக்சோமா வைரஸைப் பரப்பினார்கள். முதல் ரகம் தொற்றிய முயல்களில் 99 சதவீதத்துக்கு மேல் கொன்றது. சில ஆண்டுகளில் 70 முதல் 95 சதவீதம் கொல்லும் ரகங்கள் மேலோங்கின. இதைச் சாது என்பீர்களா? கொசு மூலம் பரவ, அது கடிக்கும் தோல் புண்ணில் வைரஸ் மிகுதியாக இருக்க வேண்டும். முயலும் சீக்கிரம் சாகக் கூடாது. கடும் ரகத்தில் முயல் 13 நாளுக்குள் செத்தது, நடுத்தர ரகத்தில் 17 முதல் 28 நாள் தாக்குப்பிடித்தது. மிக மென்மையான ரகமோ புண் சீக்கிரம் ஆறி, பரவல் பந்தயத்தில் தோற்றது.

கே: பிறகு முயல்களுக்கே எதிர்ப்புத்திறன் வந்துவிட்டதே, வைரஸ் என்ன செய்தது?

மீண்டும் கடுமையானது. எதிர்ப்புள்ள உடலில் மென்மையான ரகம் விரைவில் அடங்கிவிடும், வேகமாகப் பெருகுவதுதான் பரவும். பிற்காலக் காட்டு ரகங்களை எதிர்ப்பில்லாத ஆய்வக முயல்களுக்குச் செலுத்தியபோது பல ரகங்கள் கொடியவையாக இருந்தன.

கே: எதிர்ப்புத்திறனும் தாங்குதிறனும் ஒன்றா?

இல்லை. முன்னது கிருமியின் எண்ணிக்கையைக் குறைக்கும். பின்னது எண்ணிக்கையைத் தொடாமல் பாதிப்பை மட்டும் குறைக்கும். ஒவ்வொரு விலங்கிலும் கிருமிச்சுமையையும் உடல்நலத்தையும் அளந்து வரைபடம் போடுங்கள். சுமை கூடக்கூட நலம் சரியும் கோட்டின் சாய்வுதான் தாங்குதிறன். இறப்பை மட்டும் எண்ணினால் இரண்டும் குழம்பிவிடும்.

கே: தடுப்பூசி போட்டவர்களும் 'வேறு வகை ஓம்புயிர்' தானா?

ஆம். தடுப்பூசி எந்தக் கட்டத்தை மறிக்கிறது என்பதே கேள்வி. தொற்றையே மறித்தால் கிருமிக்குக் கடுமையாகும் உந்துதல் இல்லை. நோயை மட்டும் தணித்து, கிருமி வெளியேறுவதை அனுமதித்தால் சிக்கல் எழலாம். கோழிகளின் மாரெக் நோயில் 2015இல் வெளியான சோதனை இதைக் காட்டியது. மிகக் கொடிய ரகங்கள் ஊசி போடாத கோழிகளை, வைரஸ் அதிகம் வெளியேறும் முன்பே கொன்றன. ஊசி போட்டவை பிழைத்து வாரக்கணக்கில் வைரஸைப் பரப்பின. கொடிய ரகங்களை உருவாக்கியதே தடுப்பூசிதான் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். ஊசி போட்ட கோழிக்குப் பாதுகாப்பு உண்டு என்பதும் அதே சோதனையில் தெரிகிறது.

கே: பலவகை ஓம்புயிர்கள் கலந்திருந்தால்?

ஒரே மரபணு வகைக்குள் திரும்பத் திரும்பக் கடத்தினால் கிருமி அந்த வகையில் கடுமையாகி, பழைய ஓம்புயிரில் வலுவிழப்பது வழக்கம். நலிந்த உயிர்த் தடுப்பூசிகள் (வலுக்குறைந்த, உயிருள்ள கிருமியைக் கொண்டவை) பல இப்படித்தான் வந்தன. கலப்பில் இந்தத் தகவமைப்பு அடிக்கடி தடைபடும். ஆனால் ஒரு வகை பெரும்பான்மையானால் கிருமி அதன் பக்கம் சாய்ந்துவிடும்.

கே: கணித மாதிரியில் சராசரி ஓம்புயிரை வைத்துக் கணக்கிடலாமா?

கூடாது. யாரிடமிருந்து யாருக்கு எவ்வளவு பரவுகிறது என்பதை அணியாக (எண்களின் கட்டமாக) எழுதி, அதன் மிகப்பெரிய ஐகன் மதிப்பைப் பாருங்கள்; ஒரு தொற்று சராசரியாக எத்தனை புதிய தொற்றுகளாகப் பெருகும் என்பதை அந்த எண் காட்டும். பலரும் தவறுவது இன்னொன்றில்: வகைகளின் விகிதத்தை நிலையாக வைத்துவிடுகிறார்கள். கடும் ரகம் எளிதில் சாகும் வகையைத்தான் முதலில் குறைக்கும். விகிதம் மாறும், அதோடு சாதகமான வீரியமும் நகரும்.