சாவிப் பட்டியலை சர்வரே மாற்றினால்?

கேள்வி: கம்பம், குமுளி, வண்டன்மேடு ஏலக்காய் விவசாயிகள் 400 பேருக்கு மறையாக்க மெசேஜ் செயலி எழுதுகிறோம். வங்கிக் கணக்கு எண்ணும் இதில்தான் போகும். ஒவ்வொருவரின் பொதுச்சாவியையும் (அவருக்குப் போகும் மெசேஜைப் பூட்டும் சாவி) தருவது எங்கள் சர்வர். அதையே ஒருவன் கைப்பற்றினால்?

பதில்: மெசேஜைப் பெறுபவரின் சாவி இருந்த இடத்தில் தன் சாவியை வைப்பான். வருவதைத் திறந்து படித்து, மறுபடி பூட்டி அனுப்புவான். சர்வரால் இதைத் தடுக்க முடியாது. செய்தால் அகப்படும்படி வைக்கலாம்.

வாட்ஸ்அப் 2023-ல் கொண்டுவந்த சாவி சரிபார்ப்பு முறை கோடிக்கணக்கானவர்களுக்கானது. அதனால் அங்கே மெர்க்கல் மரம் (முழுப் பட்டியலையும் இறக்காமல் ஒரு வரியை மட்டும் சரிபார்க்க உதவும் அமைப்பு) தேவைப்படுகிறது. உங்களுக்கு அந்தப் பாடு எதற்கு? ஒரு சாவி 32 பைட், 400 பேருக்கு 12,800 பைட். முழுப் பட்டியலையும் எல்லாப் போனுக்கும் கொடுத்துவிடுங்கள். அடையாளத்துக்குப் போன் எண் வேண்டாம். மலைக்கு ஒரு சிம், கீழே ஒரு சிம் வைத்திருப்பவர்கள் உங்கள் ஆட்கள். உறுப்பினர் எண்ணே போதும்.

ஒவ்வொரு பதிப்பிலும் வரிசை எண், நேரம், முந்தைய பதிப்பின் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ் (ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் சுருக்க எண்), டிஜிட்டல் கையொப்பம் இருக்கட்டும். பழைய வரியை அழிக்காமல் புது வரி சேருங்கள். கையொப்பமிடும் சாவியை சர்வரில் வைக்காதீர்கள், தனிக் கணினியில் வையுங்கள்.

புதுப் பட்டியல் வந்ததும் செயலி இரண்டைப் பார்க்க வேண்டும்: தன்னிடமுள்ள பதிப்போடு ஹேஷ் சங்கிலி சேர்கிறதா, தன் வரியில் இருப்பது தன் சாவிதானா. பலர் விட்டுவிடுவது இரண்டாவதை. திருட்டு அகப்படுவதே அங்கேதான்.

கையொப்பச் சாவியும் பறிபோனால், கம்பத்தில் ஒருவருக்கு ஒரு பட்டியலும் குமுளியில் ஒருவருக்கு வேறொன்றும் காட்டலாம். ஆகவே ஒவ்வொரு மெசேஜுக்குள்ளும் பதிப்பு எண்ணும் ஹேஷும் போகட்டும். நடுவில் இருப்பவன் அந்த இருவருக்கிடையே ஹேஷையும் திருத்திவிடுவான்தான். ஆனால் அவர்கள் மற்ற 398 பேரில் யாரோடாவது பேசும்போது முரண் வெளிப்படும். பதிப்பு எண்ணே பழையதாக இருந்தால் பயமில்லை, சிக்னல் இல்லாத எஸ்டேட்டில் இருந்திருப்பார். எண் ஒன்றாகி ஹேஷ் வேறானால் அனுப்புவதையே நிறுத்துங்கள்.

போன் மாற்றினால் சாவியும் மாறும். அதற்கெல்லாம் சிவப்பு எச்சரிக்கை காட்டினால் நாலாவது முறை யாரும் படிக்க மாட்டார்கள். சாதாரண மெசேஜ் போகட்டும். கணக்கு எண் உள்ளது மட்டும், நேரில் க்யூஆர் ஸ்கேன் செய்யும் வரை காத்திருக்கட்டும். நேரில் முடியாதென்றால் சிக்னல் செயலியில் உள்ளதுபோல், இருவர் சாவிகளிலிருந்தும் கிடைக்கும் 60 இலக்க எண்ணைப் போனில் ஐந்தைந்தாக வாசித்து ஒப்பிடலாம் (இலக்கங்களில் தமிழும் மலையாளமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்). போய்ச் சேராத பழைய மெசேஜைப் புதுச் சாவியில் பூட்டித் தானாக மறுபடி அனுப்பும் வசதியை மட்டும் வைக்காதீர்கள்; புதுச் சாவி திருடனுடையதாக இருந்தால் அது அவன் கைக்கே போகும்.