மூட்டு வலி மாத்திரை: உங்க கேள்விகளுக்கு டாக்டர் பதில்

கேள்வி: எனக்கு 46 வயசு டாக்டர். கை விரல் எல்லாம் வீங்கி, காலைல எழுந்தா ஒரு மணி நேரம் மடக்கவே முடியாது. ருமட்டாய்டுன்னு சொல்லி மெத்தோட்ரெக்சேட் குடுத்தாங்க, வாரத்துக்கு ஒரு வாட்டி. ஒரு மாசம் ஆச்சு, வீக்கம் அப்படியேதான் இருக்கு. பக்கத்து வூட்டு அக்கா அது கேன்சர் மாத்திரைன்றாங்க. நிறுத்திடட்டுமா?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: நிறுத்தாதீங்கம்மா. அக்கா சொன்னது நெஜம்தான், கேன்சருக்கும் அதே மருந்துதான், ஆனா அங்க சில பேருக்கு கிராம் கணக்குல கூட ஏத்துவாங்க, உங்களுக்கு வாரத்துக்கே 10, 15 மில்லிகிராம்தான் இருக்கும். உங்க நோய் எதிர்ப்பு சக்தியே மூட்டுக்குள்ள இருக்கிற சவ்வை எதிரின்னு நெனச்சு தாக்குது, அதான் வீக்கம், அப்படியே விட்டா எலும்பையும் அரிச்சிடும். அந்தத் தாக்குதலை அடக்குறதுதான் மெத்தோட்ரெக்சேட்டோட வேலை. அதுக்கு 6ல இருந்து 12 வாரம் ஆகும், அதுவரைக்கும் தாங்குறதுக்குத்தான் வலி மாத்திரையோ கொஞ்சம் ஸ்டீராய்டோ சேர்த்துத் தர்றது. வலி மாத்திரை அரை மணி நேரத்துல கேக்குது, அதனால அதுதான் நல்ல மருந்துன்னு பிடிச்சிக்கிட்டு மெதுவா வேலை செய்யுறதை விட்டுடறாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு விரல் கோணிப்போய் வர்றவங்களைப் பாக்கும்போது மனசு கஷ்டமா இருக்கும்மா.

ஆனா ஒண்ணு, இது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். ஞாயித்துக்கிழமைன்னா ஞாயித்துக்கிழமை, காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க, வூட்ல இருக்கிறவங்க கிட்டயும் சொல்லி வைங்க. தெரியாம தினமும் போட்டு வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணு எறங்கி உயிருக்கே ஆபத்தானவங்க இருக்காங்க. கூட தர்ற ஃபோலிக் ஆசிட் வேற நாள்ல, அது வாய்ப்புண்ணையும் குமட்டலையும் கொறைக்கும். ஆரம்பத்துல ரெண்டு நாலு வாரத்துக்கு ஒருக்கா, அப்புறம் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா ரத்த அணு, லிவர் டெஸ்ட் கண்டிப்பா பாக்கணும். காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சு வாங்குறதுன்னா அந்த வார மாத்திரையைப் போடாம உடனே டாக்டரைப் பாருங்க. மெடிக்கல் ஷாப்ல கோட்ரைமாக்சசோல்ங்கிற ஆன்டிபயாட்டிக் மாத்திரை நீங்களா வாங்கிப் போடவே கூடாது, ரெண்டும் சேர்ந்தா ரத்த அணு ரொம்ப எறங்கிடும். (இதைப் படிக்கிற சின்ன வயசுப் பொண்ணுங்களுக்கு: கர்ப்பமா இருக்கும்போது இந்த மாத்திரை கூடவே கூடாது, குழந்தைக்கு பிளான் இருந்தா முன்னாடியே டாக்டர் கிட்ட சொல்லிடுங்க.)

பேர் இல்லாம பொட்டலத்துல கட்டித் தர்ற மாத்திரை பக்கமே போகாதீங்க. அதுல ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், மொகம் உப்பும், சுகர் ஏறும், எலும்பு தேயும், மாசக்கணக்கா போட்டுட்டு திடீர்னு நிறுத்தினாலும் ஆபத்து. காசு கஷ்டம்னா சென்ட்ரல் எதிர்ல ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில மூட்டு வாதத்துக்குன்னே தனிப் பிரிவு இருக்கு.

கேள்வி: 52 வயசு, காசிமேட்டுல போட்டுக்குப் போறேன். கால் கட்டைவெரல் நெருப்பா எரிஞ்சுது, யூரிக் ஆசிட் 9.2. அலோபியூரினால் போட்ட ரெண்டாவது வாரமே திரும்ப வலி வந்துச்சு, தூக்கிப் போட்டுட்டேன். இப்ப வலி வந்தா டைக்ளோஃபினாக்தான். பிரஷர் மாத்திரையும் போடறேன். மீனை விடணுமா சார்?
– வாசகர், காசிமேடு

பதில்: அண்ணே, அந்த மாத்திரை வேலை செய்ய ஆரம்பிச்சதாலதான் வலி வந்திருக்கலாம். உப்புத்தண்ணி காஞ்சா சட்டியில படியுற மாதிரி யூரிக் ஆசிட் மூட்டுக்குள்ள ஊசி ஊசியா படிஞ்சிருக்கு, அலோபியூரினால் புதுசா உருவாகுறதைக் கொறைக்கும்போது பழசு கரைய ஆரம்பிக்கும், அந்த நேரம் வலி கெளம்பும். அதனாலதான் முதல் மூணு ஆறு மாசத்துக்கு, அந்த வலி கெளம்பாம தடுக்க கோல்ச்சிசின்ங்கிற மாத்திரையும் கொஞ்சம் சேர்த்துத் தர்றது. டாக்டரைப் பாத்து திரும்ப 100 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு, யூரிக் ஆசிட் 6க்குக் கீழ வர்ற வரைக்கும் மாத்திரை அளவைப் படிப்படியா ஏத்தணும். ஒடம்புல தடிப்பு, வாயில புண்ணு வந்தா மட்டும் அப்பவே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, அபூர்வம்தான், ஆனா வந்தா உயிருக்கே ஆபத்து.

டைக்ளோஃபினாக் உங்களுக்கு ஆகாதுண்ணே, பிரஷரை ஏத்தும், கிட்னியையும் வயித்தையும் கெடுக்கும், அதுலயும் வெயில்ல கடல்ல தண்ணி கொறைச்சலா குடிக்கிற ஆளுக்கு கிட்னி சீக்கிரம் அடிவாங்கும். பிரஷர் மாத்திரை அட்டையில ஹைட்ரோகுளோரோதயசைடுன்னு இருந்தா டாக்டர் கிட்ட காட்டுங்க, அதுவே யூரிக் ஆசிட்டை ஏத்தும். மீனை முழுசா விட வேணாம், நெத்திலி, மத்தி, ஈரல் கொறைச்சுக்கோங்க, பீர் மட்டும் விட்டே ஆகணும். ஆனா சாப்பாட்டை மட்டும் மாத்தி 9.2ஐ 6க்குக் கொண்டு வர முடியாது.

கேள்வி: கோல்ச்சிசின் நம்ம செங்காந்தள் செடியில இருந்தே எடுக்கறாங்களாமே, அந்தக் கெழங்கை கஷாயம் வெச்சுக் குடிக்கலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: வேணவே வேணாம். அந்தச் செடியில கோல்ச்சிசின் இருக்கிறது உண்மைதான், அதனாலயேதான் அது விஷம். மாத்திரையிலயே அரை மில்லிகிராம்தான் இருக்கு, அதுக்கே சில பேருக்கு பேதி ஆகும், கிளாரித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் கூட சேர்ந்தா ஆபத்தாயிடும். கெழங்குல எவ்வளவு இருக்குன்னு யார் அளந்து தருவாங்க? யாராவது சாப்பிட்டுட்டா, இப்ப நல்லாத்தானே இருக்காருன்னு வூட்ல வெச்சிருக்காதீங்க, வாந்தி பேதியே பல மணி நேரம் கழிச்சுத்தான் ஆரம்பிக்கும், அதுக்குள்ள எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போயிடணும், 108க்கு அடிங்க.